ஆப்பிள் கேக்கும் அதனுள் அடங்கிய தண்ணீரும்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குப் பாகத்தில், கடலையொட்டிப் பசும்புல் மேடுகளாய்க் கிடக்கும் டார்செட் சீமையில், தலைமுறை தலைமுறையாக வீடுகளில் செய்துவரும் ஆப்பிள் கேக் ஒன்று உண்டு. கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் கொலுவிருக்கும் கேக்குகளைப்போல் அதற்குச் சர்க்கரைப் பூச்சும் இல்லை, பாலாடைப் பூவேலையும் இல்லை. பேக்கிங் பவுடர் முன்னதாகவே கலந்து விற்கப்படும் கோதுமை மாவு 225 கிராம், வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 115 கிராம், முட்டை ஒன்று, பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மேஜைக்கரண்டி, தோலும் நடுத்தண்டும் நீக்கித் துண்டு போட்ட ஆப்பிள் 225 கிராம் ஆகிய இவ்வளவுதான் அதற்கு வேண்டிய சாமான்கள். மாவில் வெண்ணெயைப் பிசிறி, சர்க்கரையும் ஆப்பிளும் சேர்த்து, முட்டையும் பாலும் விட்டுக் கிளறி, வட்டத் தட்டில் நிரப்பி, 180 டிகிரி செல்சியஸ் உஷ்ணமுள்ள ஓவனில் முக்கால் மணி நேரம் வைத்தால் காரியம் முடிந்தது.

அந்தச் சீமையில் சில மாதகாலம் வாசம் செய்தபோது, நான் குடியிருந்த வீட்டு மூதாட்டியார் சொல்லக் கேட்டு இந்த அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவர் வெளியே போயிருந்த ஒரு மழைநாள் மாலையில் நானே செய்து பார்க்கத் துணிந்தேன். எல்லாவற்றையும் போட்டுக் கிளறியபின் கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தால், கேக் மாவு என்று சொல்லும்படியாக இல்லை. கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும் கட்டியான பிசின்போல் இருந்தது. தோசை மாவும் பஜ்ஜி மாவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதாமையாகத் தோன்றவே, அரைக் கோப்பைப் பாலை எடுத்துத் தாராளமாக ஊற்றினேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறம். வாசனையோ வீடு முழுவதும். கத்தியை வைத்தால் நடுவே களி. இன்னும் அரைமணி நேரம் வைத்தும் ஓரங்கள் கருகினவேயொழிய அந்தக் களி களியாகவே இருந்தது. திரும்பி வந்த மூதாட்டியார் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மாவு உலர்ந்திருக்கிறதே என்று பயப்படக் கூடாது, மீதித் தண்ணீரை ஆப்பிள் கொடுக்கும் என்று மட்டும் சொன்னார். அவர் ரசாயனம் படித்தவர் அல்லர். ஆயினும் இந்தக் கேக்கைப் பற்றிய விஞ்ஞானம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பதை அன்றிரவு பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்துகொண்டேன்.

அந்தக் கணக்கு இதுதான். கையில் எடுத்தால் உலர்ந்து காணப்படும் மாவில்கூட நூற்றுக்குப் பதினான்கு பங்கு தண்ணீர் உண்டு. ஆகவே 225 கிராம் மாவு சுமார் 31 கிராம் நீரைக் கொண்டுவருகிறது. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு. அது 18 கிராம். முட்டையின் முக்கால் பாகம் நீரே; அது 38 கிராம். இரண்டு மேஜைக்கரண்டிப் பாலில் 26 கிராம். எல்லாவற்றையும் கூட்டினால் 113 கிராம் ஆகிறது. ஆப்பிளிலோ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர் இருப்பதால், அது ஒன்றே 190 கிராம் நீரைத் தட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மற்றப் பண்டங்கள் யாவும் சேர்ந்து தருவதைக் காட்டிலும் மிகுதியான தண்ணீரைக் கொண்டுவரும் அந்தப் பழம், ஓவனுக்குள் போகும் வரையில் அதில் ஒரு துளியைக்கூட வெளியே காட்டாமல், உலர்ந்த பண்டம்போல் கத்திக்கும் கைக்கும் தோற்றமளிக்கிறது. இத்தனை தண்ணீரை அது எங்கே ஒளித்து வைத்திருக்கிறது, எப்போது வெளியே விடுகிறது, விட்ட தண்ணீரை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று பின்தொடர்ந்து போனால், கேக் உருவாகும் விருத்தாந்தம் முழுவதும் நமக்குப் புலப்பட்டுவிடும்.

ஆப்பிளை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. அக்டோபர் மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகையில், தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிள்களைக் கையால் தொடாமல் வாயாலேயே கவ்வி எடுக்கும் விளையாட்டு அந்நாட்டுக் குழந்தைகளுக்கு உண்டு. எண்பத்தைந்து பங்கு நீரும் மிகுதி பெரும்பாலும் சர்க்கரையும் ஆன ஒரு பண்டம் நீரில் அமிழ்ந்துதானே போக வேண்டும்? அமிழாமல் மிதப்பதற்குக் காரணம், பழத்தின் பருமனில் ஏறக்குறைய கால் பாகம் வெறும் காற்று என்பதே. சதையிலுள்ள உயிரணுக்கள், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பைகளைப்போல் விம்மி நிற்கின்றன. உருண்டையான பைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நடுவே சந்துகள் விழுவதுபோல், அவற்றுக்கிடையே விழுந்த சந்துகளில் காற்று நிரம்பியிருக்கிறது. பைகள் ஒன்றோடொன்று பிரியாதபடி அவற்றைப் பிடித்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். அதை 1825-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஆன்றி பிராக்கோனோ பிரித்தெடுத்து, உறைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரைச் சூட்டினார். நாம் ஆப்பிளைக் கடிக்கும்போது கேட்கும் ‘நறுக்’ என்ற ஓசை, விம்மி நின்ற அந்தப் பைகள் ஆயிரக்கணக்கில் ஒரே கணத்தில் வெடிக்கும் ஓசையேயாகும்.

பைக்குள் நீரை நிறுத்தி வைப்பது அதன் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வின் சுபாவத்தைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர்கள், ஒரு தட்டில் ஆப்பிள் துண்டுகளை வைத்து அவற்றின்மேல் ஒரு கரண்டிச் சர்க்கரையைத் தூவிவிட்டுக் கால்மணி நேரம் வேறு வேலை பார்க்கலாம். திரும்பி வரும்போது சர்க்கரை இருந்த இடம் தெரியாது, தட்டின் அடியில் பாகு தேங்கி நிற்கும், துண்டுகள் துவண்டிருக்கும். சவ்வுக்கு வெளியே சர்க்கரைக் கரைசல் அடர்த்தியாக இருக்குமானால் உள்ளேயுள்ள நீர் அதை நாடி வெளியேறுகிறது. ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டுப் புரட்டி வைக்கும் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விந்தையை, ழான் அந்துவான் நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1748-ல் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைக் கொண்டு முதன்முதலாகப் பரிசோதித்து எழுதி வைத்தார். கேக்குக்கு இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஆப்பிளைச் சர்க்கரையோடு கலந்து வைத்துவிட்டு மற்றக் காரியங்களைக் கவனிக்கப் போனால், 190 கிராம் நீரில் ஒரு பகுதி காலத்துக்கு முந்தியே வெளியேறிவிடும். ஆகவே ஆப்பிளைக் கடைசியில் நறுக்கி, நறுக்கிய கையோடு மாவில் சேர்த்து, உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும்.

நறுக்கிய துண்டுகள் பழுப்பேறாமலிருப்பதற்கும் இந்த அவசரம் உதவும். கத்தி பட்டு அணுக்கள் கிழிந்தவுடன், இதுகாறும் தனித்தனி அறைகளில் இருந்த ஒரு நொதியும் பினால் வகைப் பொருள்களும் கலந்து, காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. வாழைப்பூவை நறுக்கி உடனே மோர்த் தண்ணீரில் போடும் நம் வீட்டுப் பெண்கள் தடுப்பதும் இதே ரசாயனத்தைத்தான். மோரின் புளிப்பில் அந்த நொதி முடங்கிவிடுகிறது. ஆங்கிலேயர் அதற்கு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள்.

எந்த ஆப்பிளைப் போடுவது என்பது சிறிய விஷயம் அன்று. சமையலுக்கென்றே இங்கிலாந்தில் பிராம்லி என்றொரு ஜாதி இருக்கிறது. கையகலப் பருமனும் பச்சை நிறமும் உள்ள அந்தக் காயை அப்படியே கடித்தால் பல் கூசும். நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த சௌத்வெல் என்ற ஊரில், 1809-ம் வருஷத்தில், மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு மரம்தான் அந்த ஜாதி முழுவதற்கும் தாய். ஆப்பிள் விதையை நட்டால் தாயின் குணம் பிள்ளைக்கு வருவதில்லை; ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். ஆகையால் நல்ல மரம் ஒன்று தற்செயலாக வாய்த்துவிட்டால், அதன் கிளையை வெட்டி ஒட்டுப் போட்டுத்தான் அதைப் பெருக்க முடியும். 1846-ல் அந்த மரம் நின்ற வீட்டை விலைக்கு வாங்கிய மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக்கடைக்காரர், ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரருக்கு ஒட்டுக்கிளை கொடுக்கும்போது, பழத்துக்குத் தம் பெயரையே இட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். விதை ஊன்றிய சிறுமியின் பெயர் அன்றோ அதற்கு வந்திருக்க வேண்டும் என்று, அந்தப் பழத்தைக் கையில் எடுக்குந்தோறும் எனக்குத் தோன்றும்.

பிராம்லியின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தை, 1785-ல் ஸ்வீடன் தேசத்து மருந்துக்கடைக்காரராகிய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். ஆப்பிளுக்குரிய லத்தீன் சொல்லே அமிலத்தின் பெயராயிற்று. வேகும்போது பிராம்லியின் அணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, பஞ்சுபோல் குழைந்துவிடுகின்றன. அப்படியே தின்பதற்கென்று வளர்க்கும் ஆப்பிள்களில் பல, எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கின்றன. நம் கடைத்தெருவில் இமாசலத்திலிருந்தும் காஷ்மீரத்திலிருந்தும் வந்து குவியும் சிவப்பு டெலிஷியஸ் இனிப்பு மிகுந்தும் புளிப்புக் குறைந்தும் இருப்பதால், கேக்குக்குள் அதன் ருசி எடுபடுவதில்லை. பச்சை நிற கிரானி ஸ்மித் கிடைத்தால் அதையே வாங்குவது உத்தமம்.

இனி மாவின் பக்கம் வருவோம். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக மாவில் போட்டு, புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல் விரல் நுனிகளால் பிசிறிவிட வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகிவிடும் என்று மூதாட்டியார் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக் குளிர்வித்துத் துடைத்துக்கொண்டு பிசிறுவார். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால், மாவுச்சத்து கரைந்து போய், ரப்பர்போல் இழுபடும் ஒரு பசை கையில் மிஞ்சுகிறது என்று இத்தாலிய விஞ்ஞானி யாக்கோப்போ பெக்காரி எழுதிய கட்டுரை 1745-ல் அச்சாயிற்று. பரோட்டா மாவு கண்ணாடிபோல் விரிவதற்குக் காரணமான அந்தப் பசைதான் க்ளூட்டன். மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால்தான் அது உருவாகும். மாவின் ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் மெழுகிவிட்டால் தண்ணீர் எளிதில் உட்புகாது, க்ளூட்டன் வளராது, கேக் இழுபடாமல் உதிரும். ஆகவே முதல் அரைமணி நேரத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதே சமையற்காரரின் வேலையாக இருக்கிறது. பழத்திலுள்ள நீரைச் சவ்வு தடுக்கிறது. மாவை வெண்ணெய் காக்கிறது.

தண்ணீருக்காகக் காத்திருக்கும் மூன்றாவது பண்டம் ஒன்றும் மாவிலேயே கலந்திருக்கிறது. டார்செட்டுக்கு வெகுதூரம் இல்லாத பிரிஸ்டல் நகரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஹென்றி ஜோன்ஸ், நெடுங்கடலில் கல்போன்ற பிஸ்கட்டைத் தின்று அவதியுறும் மாலுமிகளுக்குப் புதிய ரொட்டி கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, சோடா உப்பையும் டார்டாரிக் அமிலத்தையும் உலர்ந்த நிலையில் மாவுடன் கலந்து, 1845-ல் காப்புரிமை பெற்றார். நீர் படாதவரையில் அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று அறியாமல் மாவுக்குள் உறங்கிக் கிடக்கும். நீர் பட்டதும் இரண்டும் கூடிக் கரியமில வாயு கிளம்பும். ஜோன்ஸின் மாவை ஏற்றுக்கொள்ள ஆங்கிலக் கடற்படையின் அதிகாரிகளுக்குப் பத்து வருஷம் பிடித்தது. இக்காலத்தில் சேர்க்கப்படும் அமில உப்புகளில் சில, உஷ்ணம் ஏறிய பிறகே முழுமையாக வேலை செய்யக்கூடியவை. ஆனால் வாயு ஒன்றும் புதிய குமிழிகளைப் படைப்பதில்லை. கிளறும்போதே மாவுக்குள் அகப்பட்டுக்கொண்ட சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது; அவ்வளவே.

தட்டு ஓவனுக்குள் போய்விட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பவருக்கு முதல் பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. முப்பது முப்பத்தைந்து டிகிரியில் வெண்ணெய் உருகி மாவு நெகிழ்கிறது. குமிழிகள் விரிகின்றன. அறுபது டிகிரியை எட்டும்போது, ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு சம்பவங்கள் நேர்கின்றன. ஆப்பிளின் அணுச் சவ்வுகள் உஷ்ணத்தால் குலைந்து, இதுவரை காத்துவந்த நீரை விட்டுவிடுகின்றன. அதைச் சுற்றியுள்ள மாவில், முட்டையின் புரதம் உறையத் தொடங்க, கோதுமையின் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பத் தலைப்படுகின்றன. கஞ்சி காய்ச்சும்போது தெளிந்திருந்த நீர் திடீரென்று கெட்டிப்பட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும் கணத்தை நினைத்துப் பார்த்தால், இந்த மணிகளின் தாகம் எவ்வளவு என்று தெரியும். தம் எடையைப்போல் பல மடங்கு நீரை அவை குடிக்கக்கூடியவை. சர்க்கரையும் தனக்கு நீர் வேண்டும் என்று போட்டியிடுவதால் அவை உப்பி முடிவது சற்றுத் தாமதப்பட்டு, உஷ்ணம் இன்னும் ஏறியபின்பே பூர்த்தியாகிறது. அந்தத் தாமதத்திற்குள் கேக் நன்றாக எழும்பிக்கொள்கிறது. ஆக, பழம் கொடுக்கும் வேளையும் மாவு வாங்கும் வேளையும் பொருந்துகின்றன. தாகத்தோடு காத்திருக்கும் மாவுக்கு ஆப்பிள் நீர் வார்க்கிறது.

நான் செய்த பிழை இப்போது விளங்கும். அரைக் கோப்பைப் பால் என்பது நூறு கிராமுக்கு மேற்பட்ட தண்ணீர். ஆப்பிள் நீங்கலாக இருந்த 113 கிராமை அது ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டது. மணிகளின் தாகம் பாலிலேயே பெரும்பாலும் தீர்ந்து போயிற்று. பிறகு ஆப்பிள் தன் நீரை விட்டபோது வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த நீர் குமிழிச் சுவர்களை நெகிழ்த்து, எழும்பியதை அமுக்கி, நடுவில் களியாகத் தங்கிவிட்டது.

அரைமணி நேரம் கூடுதலாக வைத்தும் அந்தக் களி ஏன் இறுகவில்லை? ஓவன் 180 டிகிரியில் இருந்தபோதிலும், நீர் இருக்கும்வரை கேக்கின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டாது. மேலும் வரும் உஷ்ணமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். நன்றாக வெந்த கேக்கின் நடுவே உஷ்ணமானியைச் செருகினால் அது 98 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். கேக்கின் உள்பாகத்தைப் பொறுத்தவரை, அந்த ஓவன் நம் இட்லிப் பானைதான். உள்ளே நடப்பது ஆவியில் வேகும் காரியம். ஏழாயிரம் அடி உயரமுள்ள கோடைக்கானலில் நீர் 93 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடுவதால், அங்கே கேக்கின் நடுப்பகுதி வேக இன்னும் அதிக நேரம் வேண்டும். காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் குமிழிகள் அளவுக்கு மிஞ்சி விரிந்து, இறுகுவதற்கு முன்பே சரிந்துவிடவும் கூடும். மலைவாசிகள் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போடுவது அதனால்தான்.

மேற்புறத்தின் கதை வேறு. அங்கே நீர் சீக்கிரமாக வற்றிவிடுகிறது. வற்றியபின் உஷ்ணத்துக்குத் தடையில்லை. 140 டிகிரியைக் கடந்தவுடன், சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் வேகமாகக் கூடி, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பொன்னிறத்தையும் உண்டாக்குகின்றன. லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-ல் இதை விவரித்தமையால் அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. மேலே ஒரு கைப்பிடி டெமராரா சர்க்கரையைத் தூவினால் அது கண்ணாடித் தகடுபோல் மொறுமொறுக்கும். பட்டையின் மணம் சினமால்டிஹைடு என்ற பொருளால் வருவது. ஈழத்தார் கறுவா என்று அழைக்கும் அந்த மரத்தின் பிறப்பிடம் இலங்கை. டார்செட் அடுப்பங்கரையில் அந்த டப்பாவைத் திறந்தபோதெல்லாம் எனக்கு நம் பக்கத்துக் கடல் ஞாபகம் வந்தது.

வெந்த கேக்கைச் சுடச்சுட அறுக்கக் கூடாது. உப்பிய மாவுச்சத்து ஆறினால்தான் கட்டுப்படும். பத்துப் பதினைந்து நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். பிறகு கூர்மையான கத்தியால் அறுத்து, வெட்டுமுகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு ஆப்பிள் துண்டுக்கும் மேலே பிறைபோன்ற ஒரு சிறு இடைவெளி தென்படும். பழத்துக்குள் இருந்த காற்று வெளியேறித் துண்டு சுருங்கியதன் அடையாளம் அது. துண்டைச் சுற்றி ஒரு நூல் அகலத்துக்கு மாவு சற்றுக் கருத்து, பளபளத்து, ஈரமாக இருக்கும். பழம் விட்ட நீரை அந்த இடம்தான் முதலில் குடித்தது.

மறுநாள் கேக் சற்று இறுகியிருக்கும். உலர்ந்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறோம். பூசிங்கோ என்ற பிரெஞ்சு நிபுணர், காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ரொட்டியும், ஒரு துளி நீர்கூட இழக்காமலே பழசாகி இறுகுவதை 1852-ல் காட்டினார். அதை மீண்டும் சூடாக்கியபோது இளகியதையும் காட்டினார். நீர் உள்ளேதான் இருக்கிறது. மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மறுபடியும் வரிசைகட்டிப் படிகமாகிவிடுவதே இறுக்கத்துக்குக் காரணம். குளிர்சாதனப் பெட்டியின் குளிர்ச்சியில் இது இன்னும் வேகமாக நடப்பதால், ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் கேக்கை அதற்குள் வைக்காமல், மூடியுள்ள தகர டப்பாவில் வெளியே வைப்பது நல்லது. மூதாட்டியார் மறுநாள் காலையில் ஒரு துண்டை எடுத்து, மூடிய தட்டில் வைத்து, மெல்லிய சூட்டில் சில நிமிஷம் காட்டிவிட்டுத் தருவார். படிகங்கள் கலைந்து, முந்தின நாள் மாலையின் மென்மை அதற்குத் திரும்பியிருக்கும்; ஆப்பிள் இருந்த இடத்திலிருந்து இலேசாக ஆவி எழும்.